12ஏ சமரசத் தளம்: மாட்யூல்களை எங்கே பிரிப்பது?

சமரசமேடை கேட்டது:
வணிக நீதிமன்றங்கள் சட்டம், பிரிவு 12ஏ-இன்படி வழக்குக்கு முன் நடக்கும் சமரசத்துக்காக மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அளவில் ஒரு தளம் வடிவமைக்கிறோம். மனு, கட்டணம், அறிவிப்பு, அமர்வு, அறிக்கை என ஐந்து மாட்யூல் (மென்பொருள் பகுதி). நாள்கணக்கு எந்த மாட்யூலில் இருக்கவேண்டும்? கோப்பு எண் எங்கே உருவாகவேண்டும்? இ-கோர்ட்ஸ் (நீதிமன்றங்களின் கணினித் தளம்) ஒவ்வொரு வழக்குக்கும் தரும் சிஎன்ஆர் எண்ணையே கோப்பை அடையாளம் காணும் சாவியாக வைத்துவிடலாமா?

கோப்புக்கட்டு:
சிஎன்ஆர் வேண்டவே வேண்டாம். எழுத்தும் எண்ணும் கலந்த அந்த 16 இலக்க எண் வழக்கு நீதிமன்றத்தில் பதிவானால்தான் பிறக்கும். சமரசத்திலேயே முடிந்த கோப்புக்கு அது கடைசிவரை வராது. நாம் விரும்புவதும் அதைத்தானே! சொந்த எண் கொடுங்கள். சிஎன்ஆருக்கு ஒரு காலி நெடுவரிசை போதும், வழக்கு பதிவானால் நிரப்பலாம்.

எண்ணை மனு மாட்யூல், சமர்ப்பித்த அந்த நொடியே கொடுக்கட்டும். 1000 ரூபாய் கட்டணம் வரும்வரை காத்திருந்தால், வங்கியில் பணம் பிடித்து பதில் மட்டும் வராதபோது மனுவே காணாமல் போகும். மனுதாரர் மறுபடி கட்டுவார். ஒரே தகராறுக்கு இரண்டு கோப்பு. 'கட்டணம் நிலுவை' என்று ஒரு நிலை வையுங்கள். சமர்ப்பித்த தேதி, கட்டணம் வந்த தேதி இரண்டையும் தனித்தனியே சேமியுங்கள். ஒன்றின்மேல் ஒன்றை எழுதாதீர்கள்.

நாள்கணக்கு சொன்னது:
கெடுவை எந்த மாட்யூலுக்குள்ளும் எழுதாதீர்கள். தனி விதி அட்டவணை வேண்டும்: எந்த நிகழ்விலிருந்து தொடங்கும், எவ்வளவு, எந்த அலகு, எந்தத் தேதியிலிருந்து அமல். பிரிவு 12ஏ-இல் 3 மாதம். இருதரப்பும் சம்மதித்தால் மேலும் 2 மாதம். 2023 மத்தியஸ்தச் (மீடியேஷன்) சட்டமோ 120 நாள், கூடுதலாக 60 நாள் என்கிறது. விதி மாறும்போது அட்டவணையில் ஒரு வரி சேர்ந்தால் போதும், நிரலைத் தொடவேண்டியதில்லை. பழைய கோப்பு பழைய வரியிலேயே ஓடும்.

இரண்டு பொறிகள். 3 மாதம் மனு தேதியிலிருந்து ஓடுகிறது, முதல் அமர்விலிருந்து அல்ல. அடுத்து, 3 மாதம் 90 நாள் ஆகாது. நவம்பர் 30 மனுவுக்கு பிஎச்பி நிரல்மொழியில் '+3 மந்த்ஸ்' போட்டால் பிப்ரவரியைத் தாண்டி மார்ச்சுக்குப் போய்விடும். மாதக் கடைசித் தேதிகளைக் கட்டாயம் சோதியுங்கள். இந்தச் சமரசக் காலம், வழக்குப் போடக் கெடு வைக்கும் காலவரையறைச் சட்டக் கணக்கில் கழிக்கப்படும் காலம். ஒரு நாள் பிசகினாலும் ஒருவருடைய வழக்கே போய்விடலாம்.

அறிவிப்புப்பலகை சொன்னது:
அதிகம் சறுக்குவது அறிவிப்பு மாட்யூல்தான். 'சார்வானது (அறிவிப்பு கைசேர்ந்தது): ஆம்/இல்லை' என்று ஒரே கட்டம் வைக்காதீர்கள். எதிர்தரப்பு பதிலே தராவிட்டால் இறுதி அறிவிப்பு அனுப்பியாகவேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால்தான் படிவம் 3, அதாவது சமரசம் தொடங்கவே இல்லை என்ற அறிக்கை. 'வரமாட்டேன்' என்று மறுத்துவிட்டால் நேராகப் படிவம் 3. இரண்டும் வேறு பாதை. பதில் இல்லை, மறுப்பு, அவகாசம் கேட்டார், சம்மதம் என நான்கு மதிப்பாவது வேண்டும். தபாலும் மின்னஞ்சலும் தனித்தனி வரிகளாக.

சமரசமேடை:
அமர்வுக் குறிப்புகளை அறிக்கை மாட்யூல் படிக்கலாமா?

கோப்புக்கட்டு:
கூடவே கூடாது. அங்கே பேசியது ரகசியம். டேட்டாபேஸ் பயனர் அளவிலேயே அனுமதியைத் தடுங்கள். திரையில் மறைப்பது போதாது. அமர்வு மாட்யூல் வெளியே அனுப்பவேண்டியது முடிவு, தேதி, உடன்பாடு எட்டியிருந்தால் கையொப்பமிட்ட விதிமுறைகள், அவ்வளவே. முடிவைப் பொறுத்து படிவம் 4 (உடன்பாடு) அல்லது 5 (தோல்வி).