கேக்கும் சுத்தியலும்

குழு: ராணிப்பேட்டை தாத்தா குடும்பம்

ஞாயிறு

காட்பாடி அத்தை, மாலை 4:10
நம் சர்ச் அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்ட படங்கள் போட்டிருக்கிறேன். நான் கொண்டுபோன முள்ளு கத்தரிக்காய் 400 ரூபாய்க்குப் போனது!

சத்துவாச்சாரி சித்தப்பா, 4:14
எடுத்த ஏமாளி நான்தான். இலவம்பாடிக் கத்தரிக்காய், புவிசார் குறியீடு வாங்கியது என்று சொல்லிச் சொல்லியே ஏலம் விட்டவர் ஏற்றிவிட்டார். இரண்டு கிலோ தேறாது.

காட்பாடி அத்தை, 4:20
அடுத்த படம் பாருங்கள். நம் பாகாயம் மருமகள் செய்த கேக். எடுப்பவருக்குச் சுத்தியல் இலவசம் 😂😂

ஆற்காடு அக்கா, 4:21
😂

தாத்தா, 4:25
ஆமென் 🙏

பாகாயம் அண்ணி வெளியேறினார்

நான், 4:33
அண்ணி ஏன் போய்விட்டார்கள்?

அண்ணன், 4:40
ஏலத்தில் மைக் பக்கத்திலேயே நின்று அத்தை இதைச் சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் யாரும் கேக்குக்குக் கை தூக்கவில்லை. நானே 250 என்று சொல்லி எடுத்து வந்தேன். இரவு டூட்டி முடித்து வந்து, தூங்காமல் செய்தாள்.

காட்பாடி அத்தை, 4:42
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அண்ணன், 4:43
நீக்கிவிட்டால் ஆயிற்றா அத்தை?

காட்பாடி அத்தை, 4:45
சும்மா விளையாட்டுக்குச் சொன்னதுப்பா. நான் என்ன கெட்ட வார்த்தையா பேசிவிட்டேன்?

ஆற்காடு அக்கா, 4:47
எபேசியர் 4:29. "கெட்ட வார்த்தை ஒன்றும் உங்கள் வாயிலிருந்து புறப்படவேண்டாம்." யாருக்கென்று நான் சொல்லவில்லை 🙏

ஆற்காடு அக்கா, 4:48
யாக்கோபு 3:6 கூடப் படிக்கவும். நாவும் நெருப்புத்தான் என்கிறது.

காட்பாடி அத்தை, 4:49
ஏன்டி, சிரிப்புப் பொம்மை போட்டது யாரு?

சத்துவாச்சாரி சித்தப்பா, 5:05
போதும் இரண்டு பேரும். வசனத்தைக் கல் மாதிரி எறியாதேம்மா. அந்த வசனத்தின் மீதியையும் போட்டிருக்கலாமே? கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமாகப் பேசச் சொல்கிறது. நீ போட்டதில் அத்தைக்கு என்ன பிரயோஜனம்?

சத்துவாச்சாரி சித்தப்பா, 5:12
காட்பாடி அக்கா, உனக்கும் ஒன்று சொல்கிறேன். கெட்ட வார்த்தை என்றால் குழாயடிச் சண்டையில் வருவது என்றுதான் நாம் நினைக்கிறோம். நானும் அது நம் வாயில் வராது, இந்த வசனம் நமக்கில்லை என்று ரொம்ப நாள் தாண்டிப் போயிருக்கிறேன். மூலத்தில் இருக்கிற கிரேக்கச் சொல் 'சப்ரோஸ்'. மத்தேயு 13:48இல் வலையில் வந்த மீன்களில் ஆகாதவற்றை எறிந்துவிடுகிறார்களே, அங்கேயும் அதே சொல்தான். கெட்டுப்போன பண்டம். சிரித்துக்கொண்டே பரிமாறினாலும் ஊசினது ஊசினதுதான்.

சத்துவாச்சாரி சித்தப்பா, 5:16
விளையாட்டுக்கு என்கிறாய். நீதிமொழிகள் 26:18, 19 பார். கொள்ளியும் அம்பும் எறிகிற பைத்தியக்காரனைச் சொல்லிவிட்டு, அவன் பக்கத்தில் யாரை நிறுத்துகிறது? "நான் விளையாட்டுக்கல்லவோ செய்தேன்" என்கிறவனை. அங்கே சொன்னது வஞ்சித்தவனை, நீ வஞ்சிக்கவில்லைதான். ஆனால் சாக்கு அதே சாக்கு.

காட்பாடி அத்தை, 5:18
உனக்குச் சின்ன வயசிலிருந்தே பிரசங்கம்தான்.

ஆற்காடு அக்கா, 6:30
சாரி அத்தை. சிரித்தது நான்தான்.

காட்பாடி அத்தை, இரவு 8:52
எனக்குக் கல்யாணமான புதிதில், பந்தியில் நான் வைத்த ரசத்தை என் மாமியார் "பாத்திரம் கழுவின தண்ணி" என்றார்கள். அவர்களும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். 38 வருஷம் ஆகிறது. வீட்டுக்கு யாராவது விருந்து வந்தால் இன்றைக்கும் நான் ரசம் வைப்பதில்லை.

தாத்தா, 8:55
ஆமென் 🙏

நான், 8:55
தாத்தா, இதற்கு இல்லை.

காட்பாடி அத்தை, 9:10
இந்தக் குழுவிலேயே மன்னிப்புக் கேட்டுவிடட்டுமா?

சத்துவாச்சாரி சித்தப்பா, 9:12
அவள்தான் இந்தக் குழுவிலேயே இல்லையே அக்கா, யாரிடம் கேட்பாய்? காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிறது மத்தேயு 5:24. நாம் காணிக்கையை ஏலம் விட்டு, எண்ணியும் முடித்துவிட்டோம்.

திங்கள்

காட்பாடி அத்தை, காலை 7:40
பாகாயம் பஸ்ஸில் இருக்கிறேன்.

அண்ணன், 7:48
டூட்டி முடித்து இப்போதுதான் படுத்தாள் அத்தை.

காட்பாடி அத்தை, 7:49
எழுப்பாதே. நான் வாசலில் உட்கார்ந்துகொள்கிறேன். வெயில் ஏறினால் உள்ளே வருகிறேன்.

அண்ணன், 11:35
இரண்டு பேரும் அடுப்படியில் இருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது, என்னைப் பால் வாங்க அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தால் கேக்கை டீயில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். கொஞ்சம் கெட்டிதான் என்று அவளே சொல்கிறாள்.

தாத்தா, 11:41
எனக்கு ஒரு துண்டு எடுத்து வை. டீயும் வேண்டும், பல் செட் புதுசு.