தந்தையர் தின விழாவில் தந்தை இல்லாத வீட்டுப் பிள்ளைகளை எப்படிச் சேர்ப்பது?

கேள்வி: மூன்றாம் வகுப்பு ஆசிரியை

வணக்கம். எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் தந்தையர் தின விழா நடக்கிறது. தந்தையும் பிள்ளையும் கால்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடும் மூன்றுகால் ஓட்டம், மேடையில் தந்தையைப் பற்றிப் பேசுதல், கையால் செய்த வாழ்த்து அட்டையைக் கொடுத்தல் ஆகியவை வழக்கமான நிகழ்ச்சிகள். என் வகுப்பிலோ தாத்தா பாட்டியிடம் வளரும் சிறுவன், தாய் மட்டுமே வளர்க்கும் சில பிள்ளைகள், தத்தெடுக்கப்பட்ட சிறுமி, இரண்டு தாய்மார் சேர்ந்து வளர்க்கும் இன்னொரு சிறுமி, பெற்றோர் பிரிந்துவிட்டதால் இரண்டு வீடுகளில் மாறி மாறி வசிக்கும் மாணவன் என்று பலரும் இருக்கிறார்கள். "அப்பா இல்லாதவர்கள் மாமாவையோ சித்தப்பாவையோ அழைத்து வரட்டும்" என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. எனக்கு அது சரியாகப் படவில்லை. விழாவை நிறுத்தும்படி கேட்கலாமா, அல்லது வேறு வழி உண்டா?

பதில்: பள்ளி ஆலோசகர்

நிறுத்தும்படி கேட்க வேண்டாம் என்பதே என் கருத்து. பிள்ளைகளைப் புண்படுத்துவது பெரும்பாலும் விழா அல்ல; விழாவைச் சுற்றி நடக்கும் சின்னச் சின்ன ஏற்பாடுகள்தாம். வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் "யாருக்கெல்லாம் அப்பா வர மாட்டார், கை தூக்குங்கள்" என்று கேட்பது அவற்றுள் மிக மோசமானது. அதற்குப் பதிலாக, விழாவுக்குச் சில வாரங்கள் முன்பே வளர்ப்பவர்களிடம் தனியாகப் பேசி, யார் வருவார்கள், மேடையில் அவர்களை எப்படி அழைக்க வேண்டும், பிள்ளைக்கு எதில் விருப்பம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முடிவைப் பிள்ளையே சொல்லட்டும். இறந்துபோன தந்தைக்கு அட்டை செய்ய ஒரு பிள்ளை ஆசைப்படலாம், இன்னொரு பிள்ளை அந்தப் பேச்சையே விரும்பாமல் இருக்கலாம். இரண்டையும் நீங்களாக ஊகித்துவிடாதீர்கள்.

நிர்வாகத்திடம் பேச உங்களுக்கு உதவக்கூடிய ஒரு செய்தி: 1910-இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் தந்தையர் தினம் கொண்டாடப்பட முன்னின்றவர் சொனோரா ஸ்மார்ட் டாட். தாய் இறந்த பிறகு தன்னையும் தம்பிகளையும் தனியாளாக வளர்த்த தந்தையைச் சிறப்பிக்கவே அவர் அந்த முயற்சியை எடுத்தார். ஆகவே இந்த நாளுக்கு வித்திட்டதே ஒற்றைப் பெற்றோர் குடும்பம்தான். 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையும் தன் 5-ஆம் பிரிவில் பெற்றோரோடு நின்றுவிடாமல், உறவினர்களையும் சட்டப்படியான பாதுகாவலர்களையும் சேர்த்தே பேசுகிறது. பெற்றோர் அல்லது பாதுகாவலரின் நிலையைக் காரணம் காட்டிக் குழந்தையிடம் பாகுபாடு காட்டக்கூடாது என்பது அதன் 2-ஆம் பிரிவு.

மற்றொன்றையும் மறக்க வேண்டாம். யார் பிள்ளையைச் சந்திக்கலாம் என்று நீதிமன்ற உத்தரவு இருக்கக்கூடும். வன்முறையிலிருந்து தப்பி வந்து முகவரியை மறைத்து வாழும் குடும்பங்களும் உண்டு. எனவே விழாப் படங்களை இணையத்தில் போடுவதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் ஒப்புதல் வாங்குங்கள்.

பதில்: பேரனை வளர்க்கும் பாட்டி

மாமாவை அழைத்து வரச் சொல்வதில் என்ன குறை என்று சிலர் நினைக்கலாம். அவனுக்குச் சாப்பாடு போட்டு, காய்ச்சலில் இரவெல்லாம் கண்விழித்து, வீட்டுப்பாடம் எழுத வைப்பவள் நான். ஆண்டுக்கு ஒருமுறை முகம் காட்டும் மாமா வந்து நிற்க, நான் வெளியே நிற்க வேண்டுமா? சென்ற ஆண்டு அட்டையில் 'அன்புள்ள அப்பாவுக்கு' என்று அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். அவன் அந்தச் சொல்லை நீலப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே இருந்த சிறிய இடத்தில் 'பாட்டி' என்று நெருக்கி எழுதிக்கொண்டு வந்தான். வெறும் அட்டையைக் கொடுத்திருந்தால் அவன் எதையும் அடிக்க வேண்டியிருந்திருக்காது.

போட்டிகளையும் கொஞ்சம் பாருங்கள். மூன்றுகால் ஓட்டத்துக்கு என் முழங்கால் ஒத்துழைக்காது. பந்தைக் கூடைக்குள் போடும் போட்டி வைத்தால், இளவட்டத் தந்தைமார் பலரை நானே தோற்கடிப்பேன். பரிதாபப்பட்டு எங்களுக்கு மட்டும் தனிப் பரிசு எதுவும் தர வேண்டாம்.

பதில்: இரண்டு பிள்ளைகளின் தந்தை

எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. எங்கள் பள்ளியில் தந்தைமார் பலர் வாசலைத் தாண்டி உள்ளே வருவது இந்த ஒரு நாளில்தான். எல்லோருக்கும் பொதுவான விழா என்று மாற்றினால், "அம்மா போனால் போதும்" என்று அவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். தந்தை வருவதற்காக ஏங்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் அல்லவா? விழாவின் பெயர் அப்படியே இருக்கட்டும். அழைப்பில் மட்டும் 'தந்தை அல்லது உங்கள் பிள்ளை விரும்பும் பெரியவர் ஒருவர்' என்று எழுதினால் போதாதா?

பதில்: தத்துப்பிள்ளையாக வளர்ந்தவர்

மேலே எழுதிய தந்தையின் யோசனை எனக்கு ஏற்புடையதே. ஆனால் விழா ஒரு நாளில் முடிந்துவிடும்; வகுப்புப் பாடங்கள் ஆண்டு முழுவதும் தொடரும். குடும்ப மரம் வரைதல், பிறந்தபோது எடுத்த புகைப்படத்தைக் கொண்டு வருதல், பெற்றோரின் இரத்த வகையையும் கண் நிறத்தையும் எழுதி மரபுப் பண்புகளை ஒப்பிடுதல் என்று ஒவ்வொன்றிலும் நான் திணறியிருக்கிறேன். என்னிடம் இருந்த மிகப் பழைய படத்தில் நான் நடக்கத் தொடங்கிவிட்டிருந்தேன். என்னைத் தனியே அழைத்து வேறு பாடம் கொடுத்தால் அது இன்னும் கூடுதலான வெட்கம். மரமோ, தன்னைச் சுற்றியுள்ளவர்களைக் காட்டும் வட்டமோ, எதை வேண்டுமானாலும் வரையலாம் என்று வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிடுங்கள். படமும் எந்த வயதில் எடுத்ததாகவும் இருக்கட்டும். தாம் தத்தெடுக்கப்பட்டவர் என்பதை அறியாத பிள்ளைகளும் இருப்பார்கள். ஆகவே ஆசிரியர் அறையில் இதைப் பேசும்போதுகூடக் கவனம் தேவை.

கேள்வி கேட்டவரின் பின்குறிப்பு

அனைவருக்கும் நன்றி. பெயரை மாற்றாமல் அழைப்பின் வாசகத்தை மாற்றவும், வெறும் அட்டைகளைக் கொடுக்கவும், பந்துப் போட்டியைச் சேர்க்கவும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகவில்லை: பிரிந்து வாழும் தாய் தந்தை இருவரும் வர விரும்பினால் என்ன செய்வது?

பதில்: பள்ளி ஆலோசகர்

தடை உத்தரவு எதுவும் இல்லையென்றால், இரண்டு வீட்டுக்கும் தனித்தனி அழைப்பு அனுப்புங்கள். பிள்ளையின் கையில் ஒரே கடிதத்தைக் கொடுத்து, அதை யாரிடம் சேர்ப்பது என்று அவன் தவிக்கும்படி விட்டுவிடாதீர்கள். இருக்கைகளுக்குப் பெயர் ஒட்டாமல் விட்டால் அவரவர் விரும்பிய இடத்தில் அமர்ந்துகொள்வார்கள். அட்டை செய்யும்போது, கேட்கும் பிள்ளைகள் யாராக இருந்தாலும் காரணம் கேட்காமல் இரண்டாவது தாளைக் கொடுத்துவிடுங்கள்.