புதுப்பிப்பு: ஐந்து வயது மகளுக்குப் பணத்தைப் புரியவைப்பது எப்படி?

கடையில் கண்ணில் பட்டதையெல்லாம் கேட்கும் மகளுக்குப் பணத்தை எப்படிப் புரியவைப்பது என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, மூடிய உண்டியலுக்குப் பதில் கண்ணாடி பாட்டில் வைக்கச் சொன்ன யோசனைதான். காசு ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்குத் தெரிகிறது. வாராவாரம் ஒரே தொகை, சில்லறையாக. அவள் கேட்ட பொம்மையின் விலைக்கு எவ்வளவு உயரம் நிரம்ப வேண்டும் என்று பாட்டிலில் ஒரு கோடு. ஒரே மதிப்புள்ள நாணயங்களாகப் போட்டால்தான் கோடு சரியாக வரும். பொம்மை வாங்கியாச்சு, பாட்டில் காலியானதும் கொஞ்சம் அழுகை.

சேமிக்க, செலவழிக்க, கொடுக்க என்று மூன்று பாட்டில் வைப்பது இந்த வயதுக்குக் குழப்பம். வீட்டு வேலைக்குக் காசு கொடுப்பதை நாங்கள் முயலவில்லை. தட்டை எடுத்து வைக்கவும் கூலி கேட்பாள், ஆள் அப்படி.

எதிர்பாராதவை இரண்டு. ஒரு பெரிய நாணயத்தைவிட இரண்டு சின்ன நாணயம்தான் அதிகம் என்று அடம். சின்னப் பிள்ளைகள் மதிப்பைவிட எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள். சில்லறை மாற்றும் கடை விளையாட்டில் அது மெல்லச் சரியானது. அப்புறம், கார்டைத் தட்டினால் பொருள் சும்மா கிடைக்கிறது என்றே நினைத்திருக்கிறாள்! இப்போது ஒவ்வொரு முறையும் போனில் இருப்பு குறைவதைக் காட்டுகிறேன்.