கிறிஸ்துமஸுக்குக் காரமான இத்தாலியச் சமையல், யோசனை சொல்லுங்களேன்

வணக்கம். டிசம்பர் 24 இரவு எங்கள் வீட்டில் 8 பேருக்கு இத்தாலிய விருந்து. எல்லோருக்கும் நல்ல காரம் வேண்டும். இத்தாலியில் காரம் என்றாலே தெற்கிலுள்ள கலாப்ரியாதான். ஸ்பிலிங்கா ஊரின் ‘ந்தூயா’ (ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மிளகாய் சேர்த்த பன்றி சாசேஜ்) எனக்கு உயிர். ஆனால் அன்று இரவு இறைச்சி தொடாமல் மீன் சமைப்பதுதான் அங்கே வழக்கம். அதை மீற மனமில்லை, ந்தூயாவை மறுநாளுக்கு வைத்துவிட்டேன்.

ரோம் பக்கத்துப் பென்னே அராபியாத்தா (காரமான தக்காளிச் சாஸில் குழல் வடிவப் பாஸ்தா) முடிவாகிவிட்டது: தக்காளி, பூண்டு, காய்ந்த மிளகாய், ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான்.

உப்பிட்டு உலர்த்திய காட் மீனைக் காரமான தக்காளிக் குழம்பில் யாராவது செய்திருக்கிறீர்களா? எத்தனை நாள் ஊறவைத்தீர்கள்? உப்பு கரிக்குமோ என்றுதான் பயம். அப்புறம், கணவாயில் காரமாக ஏதாவது தெரிந்தால் அளவோடு எழுதுங்கள், ப்ளீஸ்.