குளிர் குறையுது, காய்கறியும் பூவும் எப்ப விதைக்கலாம்?

கேள்வி:
வணக்கம், வீட்டுப் பின்னாடி கொஞ்சம் இடம் இருக்கு, தக்காளி, மிளகாய், கீரை கூடவே செண்டுமல்லியும் போடணும்னு ரொம்ப ஆசை, ஆனா ராத்திரில இன்னும் உறைபனி விழுது. இப்பவே விதைக்கலாமா, வெயிட் பண்ணணுமா?

பதில்:
எல்லாத்தையும் ஒரே நாள்ல போடாதீங்க. பட்டாணி, முள்ளங்கி, பாலக்கீரை எல்லாம் லேசான பனியைத் தாங்கும், மண்ணு பதத்துக்கு வந்ததும் நேரா பாத்தில விதைக்கலாம். ஒரு கைப்பிடி மண்ண அள்ளி இறுக்கிப் பிடிங்க, விரலால தட்டுனா பொலபொலன்னு உதிரணும், அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்தா மண்வெட்டியத் தொடவே வேணாம், ஈரத்துல கொத்துனா கட்டி கட்டியா இறுகிடும், அப்புறம் வேர் இறங்காது.

பதில்:
மேல சொன்னது ரொம்ப சரி. தக்காளிய மட்டும் கடைசி உறைபனிக்கு 6-8 வாரம் முன்னாடி வீட்டுக்குள்ள ட்ரேல விதைங்க, மிளகாய் முளைக்க லேட் ஆகும், அத இன்னும் கொஞ்சம் முன்னாடியே போடுங்க. வெளிச்சம் பத்தலன்னா நாத்து வெளிறி நெட்டையா போயிடும். நடுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் பத்து நாள் தினமும் கொஞ்ச நேரம் வெளிய வெச்சு பழக்கணும், இத தயவுசெஞ்சு விட்டுடாதீங்க, நல்லா வளந்த நாத்துகூட திடீர்னு வெயில் காத்து பட்டா வாடிடும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க! செண்டுமல்லி?

பதில்:
தக்காளி மாதிரி அதுவும் பனி தாங்காது, உறைபனி நின்னதும் தக்காளியோட சேர்த்தே வெளிய வைங்க. இப்பவே பூ வேணும்னா பான்சி நாத்து வாங்கி வைக்கலாம், குளிர் அதுக்குப் பிடிக்கும். எடத்துல தினம் 6 மணி நேரமாவது வெயில் விழுதான்னு முதல்ல பாத்துக்கோங்க.