வேலையை விட்டுப் போகலாமா, பகுதிநேரம் போதுமா?

வணக்கம். நான் டேட்டா அனலிஸ்ட். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் ஒரு தொண்டு நிறுவனம் முழுநேரமாக வரச்சொல்கிறது, சம்பளம் பாதிதான். அவர்களுடைய எக்செல் ஷீட்டைப் பார்த்தேன்: ஒரே குழந்தையின் பெயர் மூன்று விதமாக எழுதி மூன்று வரியில் இருக்கிறது. யாருக்கு அடுத்த ஊசி பாக்கி என்று எப்படித் தெரியும்? இதைச் சரிசெய்ய எனக்குத் தெரியும், அதுதான் மனசைக் குடைகிறது.

"இருக்கிற வேலையிலேயே இருந்து பணமாகக் கொடு" என்கிறான் நண்பன். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் வழக்கறிஞர்களை ஆண்டுக்கு 50 மணி நேரமாவது இலவசமாக உழைக்கச் சொல்கிறது. அந்த மாதிரி செய்தால் போதுமா? பாதியில் விட்டுப்போகும் தன்னார்வலர்தான் பெரிய தலைவலி என்கிறார்கள் அந்தத் தொண்டு நிறுவனத்தில் (நியாயம்தான்).

இப்படி மாறியவர்கள், முக்கியமாக மாறிவிட்டுத் திரும்பி வந்தவர்கள், சொல்லுங்கள்: சேரும் முன் நிறுவனத்திடம் என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்? உபதேசம் மட்டும் வேண்டாம், வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது.