சாரசென்ஸை இறக்கியது அந்த 35 புள்ளிதானா?

கறுப்பு சிவப்பு: இங்கிலாந்து ரக்பி லீக்கின் 2019-20 சீசனில் சாரசென்ஸ் அணி, ஆட்டங்களில் தோற்றுக் கீழ்ப் பிரிவுக்குப் போகவில்லை. வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்த உச்சவரம்பை மீறியது என்று 35 புள்ளியைப் பறித்துத் தள்ளிவிட்டார்கள். நட்சத்திர வீரர் ஓவன் ஃபாரல் இல்லாமலே ஐரோப்பியக் கோப்பையில் அயர்லாந்தின் லென்ஸ்டர் அணியை டப்ளினிலேயே 25-17 என்று சாய்த்த அணி ஐயா அது!

டெவன்காரன்: மறுபடியும் இந்த 35 புராணமா? நவம்பரில் பறித்தது 35. அந்த சீசனிலும் சம்பளக் கணக்கு உச்சவரம்புக்குள் வரவில்லை, ஜனவரியில் இறக்கம் உறுதியானது. பிறகு இன்னொரு 70. ஆக மொத்தம் 105. கூட்டல் தெரிந்தவர்கள் 35 என்று எழுத மாட்டார்கள். லென்ஸ்டரை வென்ற அடுத்த வாரமே பிரான்சின் ரசிங் அணியிடம் 19-15 என்று தோற்றதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

கறுப்பு சிவப்பு: அந்த 70 வெறும் சம்பிரதாயம். இறக்கம் முடிவான பிறகு பறித்ததால் யாருக்கு என்ன? அடித்தது 35தான்.

டெவன்காரன்: 105.

புதியவன்: எதையெல்லாம் சம்பளம் என்று கணக்கில் எடுத்தார்கள்? அதை யாராவது முதலில் சொல்லுங்களேன்.

டெவன்காரன்: 105 என்று சொல்லிவிட்டேன். சாரசென்ஸின் அப்போதைய தலைவர் நைஜல் ரே வீரர்களோடு கூட்டு முதலீடு செய்வாராம், அது சம்பளம் இல்லையாம். விசாரணைக் குழு நம்பவில்லை. 53 இலட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் போட்டது. 2016, 2018, 2019 என்று மூன்று லீக் இறுதிப்போட்டிகளில் எங்கள் டெவன் ஊர் அணி எக்ஸிடர் இவர்களிடம்தான் தோற்றது. 2019இல் எங்கள் நிக் வைட் முதல் நிமிடத்திலேயே டிரை (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) போட்டும் 37-34 என்று தோற்றோம். அந்த வயிற்றெரிச்சல் உங்களுக்கு எங்கே புரியும்?

கறுப்பு சிவப்பு: வயிற்றெரிச்சல் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி. எந்தக் கோப்பையையும் யாரும் திரும்ப வாங்கவில்லையே?

டெவன்காரன்: வாங்காததுதான் அநியாயம். போன மாதம் ஸ்க்ரம் விதி தெரியாமல் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் நீங்கள்தானே? பெயரைப் பார்த்துக் கட்சிக்காரர் என்றல்லவா நினைத்தேன்.

கறுப்பு சிவப்பு: அது அணியின் நிறம். உங்கள் எக்ஸிடர் 2020இல் வாங்கிய இரண்டு கோப்பைகளும் காலி அரங்கில் வாங்கியவை. கைதட்டக்கூட ஆள் இல்லை.

டெவன்காரன்: ஆள் இல்லாவிட்டால் என்ன? எதிரணி இருந்தது. லீக் இறுதிப்போட்டியில் வாஸ்ப்ஸ் அணி, 19-13.

கறுப்பு சிவப்பு: கொரோனாவால் பாதிக்கப்பட்டு வீரர்கள் சிலர் வராத வாஸ்ப்ஸ்.

டெவன்காரன்: உங்களுக்கு யார் ஜெயித்தாலும் ஒரு நொட்டை.